ஆபரேஷன்னா பெண்களுக்கு மட்டும்தானா? தறி வீடுகளில் யாரும் போடாத கணக்கு!

ஆரணி:-

பட்டுச்சேலைக்கு பெயர் போன ஆரணியிலும் அதை ஒட்டிய முள்ளிப்பட்டு போன்ற நெசவு ஊர்களிலும் தறி வேலை என்றால் அது புருஷன், பொண்டாட்டி இருவரின் வேலை. கணவன் குழித்தறியில் இறங்கி மிதித்தால் மனைவி தார் சுற்றிக் கொடுப்பார். இழை அறுந்தால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் முடிச்சு போடுவார். கூலி வரும்போதும் அது ஒருவர் கூலி இல்லை, வீட்டுக் கூலி.

ஆனால் 'குழந்தை இப்போதைக்கு வேண்டாம்', 'இத்தோடு போதும்' என்ற முடிவு வரும்போது மட்டும் மொத்த பாரமும் பெண் தலையில் விழுகிறது.

இது ஆரணி கதை மட்டும் அல்ல. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 100-க்கு சுமார் 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். கணவன் ஆபரேஷன் செய்து கொண்ட குடும்பம் எத்தனை தெரியுமா? ஆயிரத்துக்கு ஒன்று!

அதே ஆய்வில் நாடு முழுவதும் ஆண்களிடம் கேட்டபோது, 100-க்கு 35 பேர் 'கருத்தடை பொம்பளைங்க சமாசாரம், ஆம்பளை அதைப் பத்தி கவலைப்பட வேண்டியதில்லை' என்ற கருத்தை ஆமோதித்து இருக்கிறார்கள்.

ஆபரேஷன் செய்தால் பலம் போய்விடுமா, தறி மிதிக்க முடியாதா, புதுசா கல்யாணம் ஆன பையன்கள் என்ன செய்யலாம்... அதன் விவரம் வருமாறு:-

ஒரு காலத்தில் ஆண்கள்தான் முன்னால் நின்றார்கள்

'ஆம்பளைங்க ஆபரேஷன் செய்யறது நம்ம ஊரு வழக்கமே இல்லை' என்று சிலர் சொல்வார்கள். அது தவறு.

குடும்பக் கட்டுப்பாட்டை 1952-ம் ஆண்டிலேயே அரசு திட்டமாக எடுத்துக் கொண்ட நாடு இந்தியா. அதற்கும் முன்பே, 1930-ம் ஆண்டு தந்தை பெரியார் 'குடிஅரசு' பத்திரிகையில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டில் ஜனத்தொகை பெருகுகிறது என்பதற்காக அல்ல, பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்பது அவர் வாதம்.

அப்போதைய சென்னை மாகாணம் 1950-களின் கடைசியிலேயே ஆபரேஷன் செய்து கொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. இந்த யோசனைக்கு பின்னால் இருந்தவர் தலைமைச் செயலாளராக இருந்த ஆர்.ஏ.கோபாலசாமி. அந்தக் காலத்தில் ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். பக்கத்து மாநிலமான கேரளாவில் 1971-ம் ஆண்டு ஜூலை மாதம் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் செய்து கொண்டனர். அதிலும் கிட்டத்தட்ட எல்லோருமே ஆண்கள்.

எல்லாம் கெட்டது எப்போது?

1975-ல் நெருக்கடி நிலை வந்தது. வட மாநிலங்களில் ஆட்களை பிடித்துக் கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள். இலக்கை முடிக்க அதிகாரிகளுக்கு நெருக்கடி. 1976-77-ம் ஆண்டில் மட்டும் நாட்டில் சுமார் 82 லட்சம் பேருக்கு ஆபரேஷன் நடந்தது. அதில் 62 லட்சம் பேர் ஆண்கள்.

ஜனங்கள் கோபம் 1977 தேர்தலில் தெரிந்தது. இந்திரா காந்தி அரசு கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே ஆண்கள் ஆபரேஷன் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் கீழே இறங்கி விட்டது. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரையே அரசு 'குடும்ப நலம்' என்று மாற்றியது. ஆண்கள் பக்கம் போனால் வம்பு என்று நினைத்தார்களோ என்னவோ, அதன்பிறகு திட்டம் முழுக்க பெண்கள் பக்கம் திரும்பி விட்டது. அன்று திரும்பியது இன்னும் மாறவில்லை.

பயம் மட்டும் அப்பனிடம் இருந்து மகனுக்கு, மகனிடம் இருந்து பேரனுக்கு என்று இறங்கி வந்து விட்டது.

'பலம் போயிடும்பா...'

நெசவாளர்களுக்கு இருக்கும் முதல் பயம் இதுதான். 'தறி மிதிக்கிறவன் உடம்புல கை வைக்கக் கூடாது, இடுப்பு விட்டுப் போயிடும்' என்பார்கள். ஆண்கள் மட்டும் அல்ல, மாமியாரும் மனைவியும் கூட 'உழைக்கிற ஆம்பளை, அவருக்கு எதுக்கு? நானே செஞ்சுக்கறேன்' என்று சொல்வது உண்டு.

உண்மை என்ன?

ஆண்களின் விதைப்பையில் உருவாகும் விந்தணு இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக மேலே வருகிறது. வாசக்டமி என்ற ஆபரேஷனில் இந்த இரண்டு குழாய்களையும் கட் பண்ணி முனையை அடைத்து விடுகிறார்கள். அவ்வளவுதான். விதையை எடுப்பது கிடையாது. ஆண்மைக்கான ஹார்மோன் இந்தக் குழாய் வழியாக போவதே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதனால் ஆசை குறையாது, விறைப்பு குறையாது, மீசை தாடி கொட்டாது, கை கால் பலமும் போகாது.

விந்து வருவதும் நிற்காது. விந்தில் விந்தணுவின் அளவு மிகவும் கொஞ்சம், மீதி எல்லாம் வேறு சுரப்பிகளில் இருந்து வரும் திரவம். ஆபரேஷனுக்கு பிறகு அளவில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

கத்தி இல்லை, தையல் இல்லை

இப்போது செய்யப்படுவது பழைய ஆபரேஷன் கிடையாது. 1974-ம் ஆண்டு சீனாவின் சிச்சுவான் மாகாணத்தை சேர்ந்த டாக்டர் லி ஷுன்சியாங் கண்டுபிடித்த முறை. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் இதை என்.எஸ்.வி. என்றும் 'நவீன தழும்பில்லாத ஆண் கருத்தடை சிகிச்சை' என்றும் சொல்கிறார்கள்.

அந்த இடம் மட்டும் மரத்துப் போக ஊசி போடுகிறார்கள். கூரான ஒரு கருவியால் தோலில் சிறு துளை. அதன் வழியாகவே இரண்டு குழாயையும் வெளியே எடுத்து வேலையை முடித்து விடுகிறார்கள். தையல் போட வேண்டியதில்லை. 10 நிமிடம், மிஞ்சினால் 20 நிமிடம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து விட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்து விடலாம்.

இரண்டு நாள் ஓய்வு எடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு சைக்கிள் மிதிப்பது, பாரம் தூக்குவது கூடாது. இறுக்கமான உள்ளாடை போட வேண்டும். தறி மிதிப்பவர்கள் எப்போது மீண்டும் குழியில் இறங்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

சிலருக்கு லேசான வீக்கம், ரத்தக்கட்டு, வலி வரலாம். சில நாளில் சரியாகி விடும். காய்ச்சல், சீழ், ரத்தக்கசிவு, வீக்கம் பெரிதாவது போன்ற தொல்லை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். வெகு சிலருக்கு வலி நீண்ட நாள் இருப்பதும் உண்டு.

3 மாதம் ரொம்ப முக்கியம்

குடும்பத்தையே உடைக்கக் கூடிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது.

வாசக்டமி செய்த அன்றே கருத்தடை ஆகி விடாது. குழாயின் மேல்பகுதியில் ஏற்கெனவே வந்து நிற்கும் விந்தணுக்கள் வெளியேற 3 மாதம் ஆகும். அதுவரைக்கும் ஆணுறை கட்டாயம். 3 மாதம் முடிந்ததும் விந்து பரிசோதனை செய்து, 'விந்தணு இல்லை' என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஆபரேஷன் முழுமை.

இது தெரியாமல் அடுத்த மாதமே மனைவி கர்ப்பம் ஆனால் என்ன ஆகும்? 'நான்தான் ஆபரேஷன் பண்ணிட்டேனே, இது எப்படி?' என்று சந்தேகப் புயல் கிளம்பும். ஒரு பாவமும் அறியாத பெண் மீது பழி விழும். இந்த ஒரு பயத்தினாலேயே 'அவருக்கு வேண்டாம், எனக்கே பண்ணுங்க' என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள்.

டெஸ்ட் ரிப்போர்ட் சரியாக இருந்தும் மிக அரிதாக குழாய் தானாக சேர்ந்து கொள்வது உண்டு. பெண்களுக்கான ஆபரேஷனிலும் இப்படி தோல்வி அடைவது உண்டு. அதற்காகவே அரசு இழப்பீடு திட்டம் வைத்து இருக்கிறது. எனவே சந்தேகம் வந்தால் சண்டை வேண்டாம், மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்து விடும்.

பெண்ணுக்கு என்றால் வயிற்றுக்குள்...

பெண்களுக்கான ஆபரேஷன் வயிற்றை திறந்து அல்லது துளை போட்டு உள்ளே போய் செய்யப்படுவது. மயக்க மருந்தும் கூடுதல், ஓய்வும் கூடுதல். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பிரசவம் முடிந்த கையோடு, சிசேரியன் என்றால் அப்போதே செய்து விடுகிறார்கள். 'எப்படியும் ஆஸ்பத்திரியில்தானே இருக்கா, சேர்த்து முடிச்சிடலாம்' என்பது வீட்டார் கணக்கு.

சரியான டாக்டர், சுத்தமான தியேட்டர் இருந்தால் இதுவும் பாதுகாப்பானதுதான். ஆனால் ஏனோதானோ என்று செய்தால் உயிருக்கே ஆபத்து. 2014 நவம்பரில் சத்தீஷ்கார் மாநிலம் பிலாஸ்பூரில் நடந்த முகாமில் 83 பெண்களுக்கு சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். 10-க்கும் மேற்பட்ட பெண்கள் அடுத்தடுத்து இறந்து போனார்கள். நாடே அதிர்ந்தது. 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இந்த மாதிரி முகாம்களை 3 ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே தேசிய ஆய்வில் தமிழ்நாட்டு பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 100-க்கு 53 பேர் ரத்த சோகை உள்ளவர்கள். இரண்டு பிரசவம் பார்த்து, ரத்தமும் குறைந்து நிற்கும் உடம்புக்கு ஆபரேஷனா, இல்லை 10 நிமிடத்தில் முடியும் கணவனுக்கா என்று ஒருதடவையாவது வீட்டில் பேச வேண்டாமா?

தறிக்கணக்கு

தறி வீட்டில் ஒரு நாள் தறி நின்றாலும் நஷ்டம்தான். மனைவி பிரசவத்தோடு ஆபரேஷனும் சேர்ந்து படுத்தால் தார் சுற்ற ஆள் இல்லை, சமைக்க ஆள் இல்லை, குழந்தையை பார்க்க ஆள் இல்லை. கணவன் தறியில் உட்கார்ந்தாலும் வேலை ஓடாது. கணவனுக்கு என்றால் சில நாளோடு போயிற்று.

அதுவும் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வந்து பிணைக்கும் வரைக்கும் தறி எப்படியும் சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளியிலேயே இதை முடித்துக் கொள்ளலாம்.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்கள் கருத்தடை விழிப்புணர்வு இருவாரம் நடத்தப்படுகிறது. அது நம்ம பக்கம் மழைக்காலம். தெருவில் பாவு நீட்ட முடியாது, குழியில் ஈரம் ஏறும், வேலை மந்தம். நெசவாளருக்கு இதைவிட தோதான நேரம் கிடையாது.

ஆண்களுக்கு ஊக்கத்தொகையும் கூடுதல். 2007-ல் மத்திய அரசு நிர்ணயித்தபடி ஆபரேஷன் செய்து கொள்ளும் ஆணுக்கு 1,100 ரூபாய். பெண்ணுக்கு வறுமைக்கோட்டுக்கு கீழ் என்றால் 600 ரூபாய், மற்றவர்களுக்கு 250 ரூபாய். இப்போது கையில் கிடைக்கும் தொகை எவ்வளவு என்பதை நர்சிடம் கேட்டுக் கொள்ளலாம்.

பலருக்கும் தெரியாத விஷயம் இன்னொன்று. முதல்-அமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்பு திட்டத்தில் ஒரே பெண் குழந்தை என்றால் 50 ஆயிரம் ரூபாய், இரண்டும் பெண் என்றால் தலா 25 ஆயிரம் ரூபாய் குழந்தை பெயரில் டெபாசிட் செய்யப்படுகிறது. இதற்கு பெற்றோரில் ஒருவர் கருத்தடை ஆபரேஷன் செய்து இருக்க வேண்டும். ஒருவர் என்றால் அம்மாதான் என்று இல்லை, அப்பா செய்து கொண்டாலும் செல்லும். வயது வரம்பு, வருமான வரம்பு உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

யார் செய்யலாம்? யார் கூடாது?

திருமணம் ஆகி, 60 வயதுக்குள் இருந்து, ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்கும் ஆண்கள் செய்து கொள்ளலாம். 'பிறகு பார்த்துக்கலாம், வேணும்னா திரும்ப சேர்த்துக்கலாம்' என்ற நினைப்பில் இருப்பவர்கள் செய்யவே கூடாது. குழாயை மறுபடி சேர்க்கும் ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் குழந்தை பிறக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இது நிரந்தரம் என்று நினைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் விதி. கையெழுத்து போடுமுன் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

புதுசா கல்யாணம் ஆன பையன்களுக்கு...

ஆபரேஷன் எல்லாம் பிறகு வரும் கதை. கல்யாணம் ஆகி 3 மாதம் ஆனதும் 'என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?' என்று தெருவே கேட்க ஆரம்பித்து விடும். அந்தக் கேள்வி பெரும்பாலும் பெண்ணிடம்தான் கேட்கப்படும். 'நாங்க ரெண்டு பேரும் பேசி தள்ளி வச்சு இருக்கோம்' என்று கணவன் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்ணுக்கு பாதி பாரம் குறைந்து விடும். ஆண்கள் செய்ய வேண்டிய முதல் குடும்பக் கட்டுப்பாடு இதுதான்.

தள்ளி வைக்க நினைப்பவர்களுக்கு ஆணுறை நல்ல வழி. 1968-ல் 'நிரோத்' என்ற பெயரில் அரசு இதை 5 பைசாவுக்கு கடை கடையாக கொண்டு வந்தது. டீத்தூள், சோப்பு விற்ற கம்பெனிகளே அதையும் ஊர் ஊராக கொண்டு சேர்த்தன. இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஒவ்வொரு தடவையும் சரியாக பயன்படுத்தினால் 100-க்கு 98 பங்கு பலன் தரும். எய்ட்ஸ், பால்வினை நோய்களையும் தடுப்பது கருத்தடை முறைகளில் இது ஒன்றுதான். வாசக்டமி கூட நோயை தடுக்காது.

'கடைசி நேரத்துல பார்த்துக்கலாம்', 'தேதி பார்த்து இருந்தா போதும்' என்பதை நம்பி இருப்பவர்களுக்கு ஏமாற்றம் வர வாய்ப்பு அதிகம்.

பெண்களுக்கு 10 ஆண்டு வரை பலன் தரும் காப்பர்-டி, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, லக்னோ ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்ட 'சாயா' மாத்திரை ஆகியவை அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ளன. சாயா மாத்திரையை முதல் 3 மாதம் வாரம் இருமுறை, அதன்பிறகு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டும். இதில் கணவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கூட ஆஸ்பத்திரிக்கு போவது, ஊசி போடும் தேதியை ஞாபகம் வைப்பது, மாதவிலக்கு தள்ளிப் போனாலோ ரத்தப்போக்கு மாறினாலோ 'சும்மா சொல்றா' என்று விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போவது, எல்லாம் கணவன் வேலைதான்.

முதல் குழந்தை பிறந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு குறைந்தது 2 ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

கணவன் கையெழுத்து வேண்டுமா?

இதிலும் குழப்பம் நிறைய. கருத்தடை ஆபரேஷனுக்கு கணவனோ மனைவியோ தனக்கு தானே சம்மதம் கொடுத்தால் போதும், துணையின் கையெழுத்து சட்டப்படி கட்டாயம் இல்லை. கருத்தடை முறை தோல்வி அடைந்து கர்ப்பம் ஆனால், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தின்படி கலைத்துக் கொள்ள 2021-ல் திருத்தப்பட்ட சட்டம் இடம் கொடுக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். ரகசியமும் காக்கப்பட வேண்டும். மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டு உயிரோடு விளையாடக் கூடாது.

ஆண்களுக்கு ஊசி வருமா?

வரலாம். காரக்பூர் ஐ.ஐ.டி.யை சேர்ந்த டாக்டர் சுஜாய் குஹா பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்த 'ரிசக்' என்ற ஊசி விந்துக்குழாயில் போடப்படுவது. இதை 303 ஆண்களுக்கு போட்டு நடத்திய 3-ம் கட்ட சோதனையின் முடிவு 2023-ல் வெளியானது. நல்ல பலன் தெரிந்து இருக்கிறது. ஆனால் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அது வரும் வரைக்கும் ஆண்கள் கையில் இருப்பது ஆணுறை, ஆபரேஷன் இரண்டுதான்.

எங்கே கேட்பது?

கிராம சுகாதார நர்சிடம் கேட்டால் எந்த ஆஸ்பத்திரியில், எந்த நாளில் ஆண்களுக்கான ஆபரேஷன் நடக்கிறது என்பதை சொல்வார். நர்சம்மாவிடம் கேட்க கூச்சப்படும் ஆண்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ, ஆரணி அரசு ஆஸ்பத்திரியிலோ கேட்கலாம். 104 என்ற இலவச போன் நம்பரிலும் பேசலாம்.

மனைவி 7 மாத கர்ப்பமாக இருக்கும்போதே இந்தப் பேச்சை முடித்து விட வேண்டும். பிரசவ வலியில் துடிக்கும்போது 'ஆபரேஷன் பண்ணிடலாமா?' என்று கேட்டு கையெழுத்து வாங்குவது பேச்சு ஆகாது.